பதினாறு வயசுல ஒரு நாவல், அப்புறம் ஒரு நீண்ட மௌனம்

இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடக்குறது எனக்கும் தெரியும். கடைசிப் பதிவு போட்டு ஏழு மாசம் ஆச்சு. "என்னப்பா, கடையைச் சாத்திட்டியா?"ன்னு ரெண்டு பேர் மடல் போட்டுக் கேட்டாங்க (ரெண்டே பேர்தான், அதுல ஒருத்தர் என் அக்கா). ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லிச் சமாளிச்சேன். உண்மை அது இல்லை. போன வருஷம் போட்ட ஒரு பதிவு எப்படியோ கொஞ்சம் சுத்தி வந்து, முன்னபின்ன தெரியாதவங்க எல்லாம் பாராட்டிட்டுப் போனாங்க. அதுல வந்தது வினை. அடுத்த பதிவுக்கு உக்காந்தா ஒரு வரி நகரலை. எழுதுறது, அழிக்கிறது, மறுபடி எழுதுறது. அரைகுறையா பதினோரு பதிவு தூங்குது.

அப்பதான் ஹிண்டன் ஞாபகம் வந்துச்சு. அந்தம்மாவோட கதையையும் என் கதையையும் பக்கத்துல வைக்கிறது மலையையும் மடுவையும் ஒப்பிடுற வேலைதான், தெரியும். ஆனா அவங்களுக்கு நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் எனக்கு என்ன வியாதின்னே புரிஞ்சது. அதனால இது புத்தக விமர்சனம் இல்லைங்க. ஒரு முதல் நாவல் எப்படி உருவாச்சு, அது உருவான பிறகு அதை எழுதினவங்களுக்கு என்ன ஆச்சுங்கிற வரலாறு.

முதல்ல எனக்கு எப்படி அறிமுகம்னு சொல்லிடறேன். பொட்டி தட்டுற வேலையில நாலு மாசம் ஆன்சைட் போனேன். நியூயார்க், கலிஃபோர்னியான்னு கனவு கண்டவனுக்குக் கிடைச்சது டல்ஸா. ஓக்லஹோமா மாநிலத்துல இருக்குற ஊர். வீட்டுல சொன்னப்ப அம்மா "அது எந்த நாட்டுலடா இருக்கு?"ன்னு கேட்டாங்க. கார் இல்லாதவனுக்கு அந்த ஊர்ல சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஜென்ம தண்டனை. பொழுது போகாம நூலகத்துல பழைய புத்தகம் விக்கிற இடத்துல மேய்ஞ்சப்ப ஒரு டாலருக்கு மாட்டுச்சு 'தி அவுட்சைடர்ஸ்'. ஓரமெல்லாம் மடங்கிப் போன காகித அட்டைப் புத்தகம். அட்டையில எஸ்.ஈ. ஹிண்டன்னு போட்டிருந்துச்சு. யாரோ தாத்தா எழுதினதுன்னு நினைச்சுதான் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிச்சுட்டு, யார்றா இந்தாளுன்னு தேடினா, பொண்ணு! அதுவும் எழுத ஆரம்பிச்சப்ப வயசு பதினஞ்சு. அதுவும் நான் உக்காந்திருக்கிற இதே ஊர்ல!

சூசன் எலாய்ஸ் ஹிண்டன் 1948ல டல்ஸாவுல பிறந்தவர். எண்ணெய்ப் பணத்துல வளர்ந்த ஊர் அது. 1905ல பக்கத்துல க்ளென் பூல்ங்கிற இடத்துல எண்ணெய் பீறிட்டுக் கிளம்ப, கொஞ்ச வருஷத்துலயே 'உலகத்தின் எண்ணெய்த் தலைநகர்'னு தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கிட்ட ஊர். அந்த மாதிரி ஊர்ல என்ன நடக்கும்னு நமக்குச் சொல்லியா தரணும். ஒரு பக்கம் மாளிகை, இன்னொரு பக்கம் பெயிண்ட் உதிர்ந்த மரவீடு. பிள்ளைங்க எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் சாப்பிடுற இடம், உடுத்துற சட்டை, ஓட்டுற கார் எல்லாத்துலயும் கோடு கிழிச்சிருக்கும். தலையில எண்ணெய் மாதிரி கிரீம் தடவி முடியை நீளமா வாரி விட்ட ஏழைப் பசங்க 'கிரீஸர்'. பணக்கார வீட்டுப் பசங்க 'ஸோஷ்', அதாவது சோஷியல்ங்கிறதோட சுருக்கம். ரெண்டு கூட்டத்துக்கும் ஆகாது. தெருவுல தனியா மாட்டினா அடிதான்.

ஹிண்டன் இதுல எந்தப் பக்கமும் சேராதவர். பொம்பளைப் பிள்ளைங்களோட சுத்துறதை விட பசங்களோட சுத்துறதுதான் பிடிக்கும், குதிரைன்னா உயிர். சின்ன வயசுல இருந்தே எழுதிக்கிட்டு இருந்தவர். எல்லாம் குதிரைக் கதை, கௌபாய் கதை. 'அவுட்சைடர்ஸ்' தான் எழுதின முதல் நாவல் இல்லை, மூணாவது. பதிப்பிக்க முயற்சி பண்ணினதுதான் முதல்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல். 'பதினாறு வயசு மேதை'ன்னு எழுதுறவங்க யாரும் அந்த முதல் ரெண்டையும் கணக்குல சேர்க்கறது இல்லை.

வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில படிக்கிறப்ப ஒரு நாள் அவரோட நண்பன் ஒருத்தன் சினிமா பார்த்துட்டுத் தனியா நடந்து வந்திருக்கான். வழியில ஒரு கூட்டம் அவனைப் பிடிச்சு அடிச்சிருக்கு. காரணம்னு ஒண்ணும் இல்லை, அவன் கிரீஸர், அவ்வளவுதான். ஹிண்டனுக்குக் கோபம் தலைக்கேற, வீட்டுக்கு வந்து எழுத உக்காந்தார். சினிமா விட்டு வர்ற ஒரு பையன் தெருவுல அடி வாங்குற கதை. நாவலோட முதல் காட்சியா இன்னைக்கும் நிக்கிறது அதுதான்.

கோபம் மட்டும் இருந்தா ஒரு சிறுகதையோட நின்னிருக்கும். இன்னொரு காரணமும் இருந்துச்சு. அவருக்குப் படிக்க ஒண்ணும் கிடைக்கலை. அந்த வயசுக்காரங்களுக்குன்னு நூலகத்துல வச்சிருந்த புத்தகம் எல்லாம் மேரி ஜேன் பள்ளி நடனத்துக்கு யாரோட போகப் போறாங்கிற ரகம். குழந்தைப் புத்தகத்தைத் தாண்டியாச்சு, பெரியவங்க நாவலுக்கு இன்னும் மனசு போகலை. நடுவுல ஒரு பெரிய பள்ளம். தான் படிக்க விரும்பின புத்தகத்தைத் தானே எழுதிக்க வேண்டியதாப் போச்சுன்னு பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

அதுக்கு முன்னாடி யாருமே இளவயசுக்காரங்களுக்கு எழுதலையான்னா, அப்படிச் சொல்ல முடியாது. 1942லயே மோரின் டேலி கல்லூரியில படிச்சுக்கிட்டே எழுதின 'செவன்டீன்த் சம்மர்' வந்து நல்லா ஓடியிருக்கு. அது கோடை விடுமுறைக் காதல் கதை. 1951ல வந்த சாலிஞ்சரோட 'தி கேட்சர் இன் த ரை'யை இளைஞர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடினாலும், பெரியவங்களுக்காகப் பெரியவர் ஒருத்தர் எழுதினது அது. பதினஞ்சு வயசு ஆளு பதினஞ்சு வயசுக்காரங்களுக்கு, கத்தியையும் சாவையும் மறைக்காம எழுதினது புதுசு.

முதல் பிரதி நாற்பது பக்கம், இடைவெளி விடாம தட்டச்சு செஞ்சது. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அதையே திருப்பித் திருப்பி எழுதி, ஒவ்வொரு தடவையும் ஏதாவது சேர்த்துச் சேர்த்துப் பெருசாக்கினார். ஸ்பெக் கிடையாது, டிசைன் டாக்குமெண்ட் கிடையாது, டெட்லைன் போட்டுக் கழுத்தறுக்க மேனேஜர் கிடையாது. கேட்கவே பொறாமையா இருக்கு.

இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு இடி. அப்பாவுக்கு மூளையில கட்டி. ஹிண்டன் பள்ளியில படிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவர் இறந்துட்டார். நாவலைப் பெருசாக்கி எழுதிக்கிட்டு இருந்த காலமும் அதுவும் ஒண்ணுதான். நாவல்ல போனிபாய், சோடாபாப், டேரின்னு மூணு அண்ணன் தம்பிங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கார் விபத்துல போயிட்டாங்க. இருபது வயசு மூத்தவன்தான் தம்பிங்களைக் கரையேத்தணும். கூட்டத்துல இருக்குற மத்த பசங்கள்ல பலருக்கும் வீடுன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லை. இதை அதோட முடிச்சுப் போடறது என் ஊகம். ஆனா புத்தகத்துல எங்கயும் ஒரு அப்பா கண்ணுல படாதது எனக்கு ரெண்டாவது தடவை படிக்கிறப்பதான் உறைச்சது.

அடுத்தது காமெடி. இந்த நாவலை எழுதிக்கிட்டு இருந்த அதே வருஷம் பள்ளியில 'படைப்பெழுத்து' பாடத்துல ஹிண்டன் வாங்கின மதிப்பெண் டி கிரேடு! வகுப்பு வேலையைச் செய்யாம நாவல் எழுதினா வேற என்ன கிடைக்கும். எழுத்துப்பிழை வேற சரளமா வருமாம்.

இப்ப நாவலோட முடிவைச் சொல்லப் போறேன். படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. போனிபாய்க்கு வயசு பதினாலு. பூங்காவுல ஸோஷ் கூட்டம் அவனை நீர்த்தொட்டியில முக்கிக் கொல்லப் பார்க்குறப்ப, நண்பன் ஜானி பயத்துல ஒருத்தனைக் கத்தியால குத்திடறான். ரெண்டு பேரும் ஊரை விட்டு ஓடி, பாழடைஞ்ச ஒரு தேவாலயத்துல ஒளிஞ்சுக்குறாங்க. அங்க தீப்பிடிக்குது, உள்ள மாட்டின குழந்தைங்களைக் காப்பாத்தப் போறாங்க, ஜானி அதுலயே முடங்கி இறந்து போறான். அந்த அதிர்ச்சியைத் தாங்காம டாலிங்கிற இன்னொரு நண்பன் போலீஸ் துப்பாக்கி முன்னால போய் நிக்கிறான். எல்லாம் ஓய்ஞ்ச பிறகு, போனிபாய் ஆங்கிலப் பாடத்துல தோத்துப் போற நிலைமை. நல்லா ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தா பாஸ் போடுறேன்னு வாத்தியார் சொல்றார். பையன் யோசிச்சு யோசிச்சு, கடைசியில எழுதத் தொடங்குறான். அவன் எழுதற முதல் வரிதான் நாம முதல் பக்கத்துல படிச்ச முதல் வரி. நாம இவ்வளவு நேரம் படிச்சது அந்த ஹோம்வொர்க்கைத்தான்.

டி கிரேடு வாங்கின பொண்ணு, தோத்துப் போகப் பார்த்த பையனை ஒரு கட்டுரை எழுத வச்சுக் காப்பாத்தியிருக்கு. இதை அவங்க தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாம செஞ்சாங்களோ, அந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவருக்கு ஆதர்சம் எதெல்லாம்னு கேட்டா, பாதி பதில் நாவலுக்குள்ளயே இருக்கு. ஒளிஞ்சிருக்கிற பசங்க பொழுது போக 'கான் வித் த விண்ட்' படிக்கிறாங்க. ஜானிக்கு அதுல வர்ற தெற்கத்தி வீரர்கள் மேல பெரிய மரியாதை. சூரியன் உதிக்கிறப்ப போனிபாய் சொல்ற கவிதை ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923ல எழுதினது. அழகானது எதுவும் நிலைக்காதுங்கிற கருத்து. டிக்கன்ஸோட 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'ல வர்ற பிப் தன்னை மாதிரியே இருக்கான்னு போனிபாய்க்குத் தோணுது. பேட்டை ரவுடின்னு ஊர் ஒதுக்கி வச்ச பசங்க கையில இதையெல்லாம் குடுத்தது சும்மா அலங்காரத்துக்கு இல்லைன்னு நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துல பாடமா வந்தா கொட்டாவி விடுற விஷயம், உயிருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கிறப்ப வேற மாதிரி ஒலிக்குது. படிக்கிறவங்களோட உயிர்ல ஒட்டுற ஒரு புத்தகம்னா என்னன்னு அந்த வயசுலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

எழுதி முடிச்சதை ஊர் ஊரா அனுப்பி அலைஞ்சாரான்னா அதுவும் இல்லை. பள்ளித் தோழி ஒருத்தியோட அம்மா குழந்தைகளுக்கு எழுதுறவர். அவர் படிச்சுப் பார்த்துட்டு நியூயார்க்ல இருக்குற ஒரு இலக்கிய ஏஜெண்டோட முகவரி கிடைக்க வழி பண்ணினார். கர்ட்டிஸ் பிரௌன் நிறுவனத்துல இருந்த மர்லின் மார்லோ. முன்னபின்ன தெரியாத டல்ஸா பொண்ணோட கையெழுத்துப் பிரதியைப் பொறுமையா படிச்சு, வைகிங் பதிப்பகத்துல வித்தும் குடுத்தார். பல பத்தாண்டுகளுக்கு ஹிண்டனோட ஏஜெண்ட் அவர்தான்.

வைகிங்ல இருந்து ஒப்பந்தம் வந்து சேர்ந்த தேதியைப் பாருங்க. ஹிண்டன் பள்ளிப் படிப்பை முடிச்சுப் பட்டமளிப்பு விழாவுக்குக் கிளம்பற அன்னைக்கு!

பதிப்பகம் ஒரே ஒரு யோசனை சொல்லுச்சு. சூசன்னு முழுப் பேரைப் போட்டா, பொண்ணு எழுதின ரவுடிப் பசங்க கதையான்னு விமர்சகர்கள் படிக்கிறதுக்கு முன்னாடியே ஓரம் கட்டிடுவாங்க. வெறும் முதலெழுத்து போட்டுக்கலாம். அப்படித்தான் சூசன் எலாய்ஸ், எஸ்.ஈ. ஆனார். நானும் தாத்தான்னு நினைச்சுதானே வாங்கினேன், அவங்க கணக்கு அரை நூற்றாண்டு கழிச்சும் வேலை செய்யுது. இந்த ஏற்பாடு தனக்கும் வசதியாத்தான் இருந்துச்சுன்னு ஹிண்டன் சொல்லுவார். வெளியில ஒரு பேர், வீட்டுல ஒரு பேர். புனைபெயர்ல பதிவு போடுற நம்ம மக்கள் பாதிப் பேருக்கு இந்த சுகம் விளக்காமலே புரியும் :-)

1967 ஏப்ரல் 24ல புத்தகம் வெளிவந்துச்சு. ஹிண்டனுக்கு அப்ப 18 வயசு. அதே ஆகஸ்டுல நியூயார்க் டைம்ஸ் புத்தகப் பகுதியில ஒரு கட்டுரை எழுதி, இளைஞர்களுக்குன்னு வர்ற புத்தகத்துல உண்மையான இளைஞர்கள் எங்கன்னு நேரடியாவே கேட்டார். புத்தகம் வந்தவுடனே கொடிகட்டிப் பறக்கலை. பள்ளிக்கூட ஆசிரியர்கள் வகுப்புல வச்சுப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் மெல்ல மெல்ல ஏறுச்சு. இன்னைக்கு வித்த பிரதி ஒன்றரைக் கோடிக்கு மேல. இன்னொரு பக்கம், வன்முறை, குடி, சிதைஞ்ச குடும்பம்னு காரணம் சொல்லி நூலகத்துல இருந்து எடுக்கச் சொன்னவங்களும் உண்டு. 1990களில் அமெரிக்காவுல அதிகமா எதிர்ப்பு வந்த புத்தகங்களோட பட்டியல்ல இதுவும் இருக்கு.

புகழ்ந்துக்கிட்டே போறேன்னு நினைக்காதீங்க, எனக்கு ஒரு குறை உண்டு. டல்ஸாவுல கிரீன்வுட்னு ஒரு பகுதி. நல்ல வசதியோட இருந்த கறுப்பின மக்களோட பகுதி. 1921 மே 31, ஜூன் 1 ரெண்டு நாள்ல வெள்ளைக் கும்பல் உள்ள புகுந்து முப்பத்தஞ்சு தெரு அளவுக்குக் கொளுத்தி, ஏகப்பட்ட பேரைக் கொன்னுச்சு. பல பத்தாண்டுகளுக்கு அந்த ஊர்ப் பாடப்புத்தகத்துல கூட இதைப் பத்திப் பேச்சு இல்லை. நான் ஒரு சனிக்கிழமை அங்க நடந்து பார்த்தேன். எரிஞ்ச கடைகளோட பேரை நடைபாதையில தகட்டுல பதிச்சு வச்சிருக்காங்க. குனிஞ்சு படிச்சுக்கிட்டே நடக்கணும். அதே ஊர் ரெண்டா பிளந்து கிடக்கிறதைப் பத்தின நாவல்ல கறுப்பினத்தவர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பதினஞ்சு வயசுப் பொண்ணு தன் கண்ணுக்குப் பட்ட கோட்டைத்தான் வரைய முடியும், பெரியவங்க பொத்தி மறைச்ச கோட்டை எப்படி வரையும்னு ஒரு சமாதானம் சொல்லிக்கலாம். எனக்கு அது பாதி சமாதானம்தான்.

சரி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்தாச்சு.

புத்தகம் வந்ததும் பத்திரிகைங்க அவரை 'இளைஞர்களின் குரல்'னு தூக்கி வச்சுச்சு. டல்ஸா பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டு இருந்த பொண்ணுக்கு அடுத்த புத்தகம் எப்போங்கிற கேள்வி. எழுத உக்காந்தா ஒண்ணும் வரலை. சின்ன வயசுல இருந்து சோறு தண்ணி மாதிரி எழுதினவருக்கு எழுத்து நின்னு போச்சு. நாள் கணக்குல இல்லை, வருஷக் கணக்குல.

ஏன்னு அவரே சொல்லியிருக்கார். கல்லூரியில நல்ல நல்ல எழுத்தாளர்களைப் படிக்கப் படிக்க, தான் எழுதினது எவ்வளவு பச்சையா இருக்குன்னு கண்ணுல பட ஆரம்பிச்சுச்சு. இருபது வயசுல 'அவுட்சைடர்ஸ்'ஸை எடுத்து மறுபடி படிச்சவருக்கு அது குப்பையாத் தெரிஞ்சிருக்கு, ஒவ்வொரு குறையும் பூதக்கண்ணாடியில பார்த்த மாதிரி. முதல் புத்தகம் எழுதறப்ப யாரும் பார்க்கலை. அதனால கூச்சமும் இல்லை, அழணும்னா அழ விட்டார், வீர வசனம் பேசணும்னா பேச விட்டார். இப்ப ஒவ்வொரு வரிக்கும் தோளுக்குப் பின்னால லட்சம் பேர் எட்டிப் பார்க்கிற மாதிரி. பொட்டி தட்டுறவங்களுக்கு ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975ல 'தி மிதிகல் மேன்-மந்த்' புத்தகத்துல எழுதின ரெண்டாவது சிஸ்டம் வியாதி தெரிஞ்சிருக்கும். முதல் சிஸ்டத்தைச் சின்னதா ஒழுங்கா கட்டினவன், ரெண்டாவதுல ஆசைப்பட்டதை எல்லாம் திணிச்சுக் கெடுப்பான்னு அவர் சொன்னார். ஹிண்டனுக்கு வந்தது அதோட மறுபக்கம். தப்பா ஒண்ணும் போயிடக் கூடாதேன்னு ரெண்டாவதைத் தொடங்கவே முடியலை.

மருந்து குடுத்தது காதலர். பின்னாடி கணவர் ஆனவர். நீ எழுதாம முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கிறதைப் பார்க்கச் சகிக்கலை, தினம் ரெண்டு பக்கம் எழுது, போதும்னு சொல்லியிருக்கார். ரெண்டு பக்கம் எழுதலைன்னா சாயங்காலம் வெளியில போறது கிடையாது. அவ்வளவுதாங்க வைத்தியம். ரெண்டு பக்கத்துக்கு மேல யோசிக்க வேண்டாம், நல்லா இருக்கணும்னும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தடவித் தடவி, சரியா வர்ற வரைக்கும் விடாம, நாளுக்கு ரெண்டே பக்கம்னு சேர்த்துச் சேர்த்து அடுக்கினது ஒரு புத்தகமாச்சு. 1970ல கல்வியியல் பட்டம் முடிஞ்சு, கல்யாணமும் ஆச்சு. 1971ல 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நௌ' வெளிவந்துச்சு. நாலு வருஷ இடைவெளி.

ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சவன்கிற முறையில சொல்றேன். ரெண்டாவதுதான் கச்சிதம். வாக்கியம் சுருக்கம், தேவையில்லாத கண்ணீர் கிடையாது, முடிவு முகத்துல அறையும். எழுத்துன்னு பார்த்தா அதுதான் மேல்னு ஹிண்டனுமே சொல்றார். ஆனா வாசகர்கள் கடிதம் கடிதமா எழுதறது என்னவோ முதல் புத்தகத்துக்குத்தான். பிழையும் உணர்ச்சியும் பொங்கி வழியுற அந்தப் பதினாறு வயசுப் புத்தகத்துக்கு. ஹிண்டனுக்கும் அது இனிமே தன்னால எழுத முடியாத புத்தகம். இருபது வயசுலயே அந்தக் கதவு சாத்தியாச்சு. நல்லா எழுதக் கத்துக்கிட்டதுதான் அதைச் சாத்துச்சு. இதுல சந்தோஷப்படறதா வருத்தப்படறதான்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

அதுக்கப்புறம் அவர் எழுத்து நிதானமாத்தான் போச்சு. 1975ல 'ரம்பிள் ஃபிஷ்', 1979ல 'டெக்ஸ்', 1988ல 'டேமிங் த ஸ்டார் ரன்னர்'. இளையோர் எழுத்துக்குன்னு அமெரிக்க நூலகர்கள் ஏற்படுத்தின மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை 1988ல முதன்முதலா வாங்கினவரும் அவர்தான்.

சினிமா ஆன கதை தனிப் பதிவு போடற அளவுக்குச் சுவாரசியம், இங்க சுருக்கமா. 1980ல கலிஃபோர்னியா ஃப்ரெஸ்னோ பக்கத்துல லோன் ஸ்டார் பள்ளி நூலகரும் பிள்ளைங்களும் சேர்ந்து 'காட்ஃபாதர்' எடுத்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினாங்க. இந்தப் புத்தகத்தை நீங்கதான் படமா எடுக்கணும்னு கையெழுத்தெல்லாம் போட்டு. மனுஷன் எடுத்தே புட்டார்! டல்ஸாவுலயே ஷூட்டிங், 1983ல ரிலீஸ். டாம் குரூஸ், பேட்ரிக் ஸ்வேஸி, மேட் டில்லன், ரால்ஃப் மாக்கியோன்னு அப்ப யாருக்கும் பெருசா தெரியாத பொடிப் பசங்க. ஹிண்டனும் நர்ஸா ஒரு காட்சியில தலை காட்டுவார். 2024ல பிராட்வேயில இசை நாடகமா வந்து, அந்த வருஷத்தோட சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் தட்டிக்கிட்டுப் போச்சு.

படத்துல மூணு அண்ணன் தம்பிங்க இருந்த வீடு டல்ஸாவுல அப்படியே இருக்கு. இடிஞ்சு விழற நிலைமையில இருந்ததை ஒரு ராப் பாடகர் வாங்கிப் பழுது பார்த்து, 2019ல அருங்காட்சியகமா திறந்திருக்கார். ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின வாரம் கூட வேலை பார்க்கிற தெலுங்கு நண்பரோட காரைத் தொத்திக்கிட்டுப் போனேன். நம்ம ஊர் ஓட்டு வீட்டை விடச் சின்னது. எனக்கு முன்னாடி பன்னெண்டு பதிமூணு வயசுல ஒரு பொண்ணு, அப்பாவோட வந்திருந்துச்சு. ஒவ்வொரு அறையிலயும் இங்கதான் இவன் உக்காந்தான், இங்கதான் அவன் சாப்பிட்டான்னு அப்பாவுக்குப் பாடம் எடுத்துச்சு. அந்த மனுஷன் புத்தகம் படிச்ச மாதிரி தெரியலை. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே வந்தார்.

என் ஒரு டாலர் புத்தகம் இப்ப பத்தாவது படிக்கிற அக்கா பையன்கிட்ட இருக்கு. கணக்குல கோட்டை விட்டுட்டுக் கதை எழுதறான்னு அக்கா புலம்பினதால குடுத்தேன். ("நீயே அவனைக் கெடுக்கிற"ன்னு அதுக்கும் திட்டு.) குடுத்து மூணு மாசம் ஆச்சு. படிச்சியாடான்னு கேட்டா, "ரெண்டு தடவை படிச்சாச்சு மாமா, டாலியை ஏன் சாக விட்டாங்க?"ன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றான். புத்தகத்தை மட்டும் திருப்பித் தர்ற வழியைக் காணோம்.

டிஸ்கி: இந்தப் பதிவு ஒரே மூச்சுல எழுதினது இல்லை. நாளுக்கு ரெண்டு பக்கம், ஆறு நாள். தங்கமணி இன்னும் வாய்க்காததால வெளியில கூட்டிட்டுப் போகமாட்டேன்னு மிரட்ட ஆள் இல்லை, நானே ராத்திரி டீயைக் கட் பண்ணிக்கிட்டேன். எழுத்துப்பிழை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன்.